டொலியும் மறைக்கப்பட்ட முட்டையும்

1996 ஜூலை 5ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அண்மையிலுள்ள றொஸ்லின் ஆய்வு நிலையத்தில் டொலி என்ற செம்மறியாடு பிறந்தது. 1997 பெப்ரவரியில் செய்தி வெளியானபோது பெரும்பாலான பத்திரிகைகளுக்குத் தலைப்பாகக் கிடைத்தது ஒரே சொல்தான்: 'பிரதி'. இனி ஹிட்லரைப் பிரதியெடுக்கலாமா? ஒரே முகம் கொண்ட சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யலாமா? இறந்துபோன பிள்ளையைத் திரும்பப் பெறலாமா? எங்கள் வட்டங்களிலும் விவாதம் இப்படியே நடந்தது. இன்றும் குளோனிங் என்ற சொல் எழும்போதெல்லாம் இதே கேள்விகள் அதே ஒழுங்கில் திரும்பி வருகின்றன.

இக்கேள்விகள் யாவும் ஒரு கருதுகோளில் நிற்கின்றன. உயிரின் சாரம் பரம்பரை அலகுகளில் இருக்கிறது, அதை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்தால் அதே உயிர் மறுபடி வரும், வைக்கப்படும் இடம் வெறும் பாத்திரம் என்பதே அக்கருதுகோள். டொலியை உருவாக்கிய பரிசோதனை இதற்கு நேரெதிரான ஒன்றைச் சொல்கிறது என்பதே என் வாதம். அங்கு வேலை செய்தது அந்தப் 'பாத்திரம்'தான். அந்தப் பாத்திரத்தின் பெயர் முட்டை.

நான் விஞ்ஞானி அல்ல. ஊரில் உயர்தர வகுப்பில் உயிரியல் கற்று, பின்னர் சில காலம் ஒரு ரியூட்டரியில் அதைப் படிப்பித்தவன். ஆகவே எங்கள் பாடநூல்கள் பழக்கிய சொற்களையே இங்கு பயன்படுத்துகிறேன். 'கரு' என்று நான் எழுதுவது வயிற்றில் வளர்வதை அல்ல. கலத்தின் உள்ளே தனி உறையினுள் நிறமூர்த்தங்களைக் கொண்டிருக்கும் பகுதியையே அப்படிச் சொல்கிறேன். அந்தக் கருவைச் சூழ்ந்து கலத்தை நிரப்பி நிற்பது குழியவுரு. வயிற்றில் வளரத் தொடங்குவது முளையம்.

செய்யப்பட்டது என்ன?

ஃபின் டோர்செட் இனத்தைச் சேர்ந்த, ஆறு வயதான, சினைப்பட்டிருந்த ஒரு பெண் ஆட்டின் மடியிலிருந்து எடுக்கப்பட்ட கலங்கள் ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்டு உறைநிலையில் பாதுகாக்கப்பட்டிருந்தன. டொலி பிறப்பதற்கு முன்பே அந்த ஆடு இறந்துவிட்டது. 'ஸ்கொட்டிஷ் பிளாக்ஃபேஸ்' எனப்படும் கறுப்புமுக ஆடுகளிலிருந்து முதிர்ந்த முட்டைகள் பெறப்பட்டு, நுண்ணிய கண்ணாடிக் குழாயால் அவற்றின் நிறமூர்த்தங்கள் உறிஞ்சி அகற்றப்பட்டன. நிறமூர்த்தமற்ற ஒவ்வொரு முட்டையின் பக்கத்திலும் ஒரு மடிக்கலம் வைக்கப்பட்டு மின்துடிப்பு செலுத்தப்பட்டது. இரண்டும் ஒன்றாகின. விந்து நுழைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டதைப் போல முட்டை பிரியத் தொடங்கியது.

இப்படி ஒன்றாக்கப்பட்டவை 277. அவை பெரும்பாலும் வேறு பெண் ஆடுகளின் கட்டப்பட்ட சூலகக் குழாய்களினுள் சில நாட்கள் வைத்து வளர்க்கப்பட்டன. அவற்றில் 29 மட்டுமே தகுந்த முளையங்களாகி, 13 ஆடுகளின் கருப்பைகளில் வைக்கப்பட்டன. பிறந்தது ஒன்று. கறுப்புமுக ஆடு ஒன்று வெள்ளைமுகக் குட்டியை ஈன்றது.

இக்கணக்கை மறுபடி பாருங்கள். மடிக்கலம் கொடுத்த ஆடு ஒன்று. முட்டை கொடுத்தவை, இடையில் சுமந்தவை, கருப்பையில் ஏந்தியவை எனப் பல ஆடுகள் இதில் இருக்கின்றன. ஆனால் கதையில் இடம்பெற்றது மடிக்கலமும் குட்டியும்தான். குட்டிக்குப் பெயர் வைத்த விதமும் கவனத்திற்குரியது. கலம் மடியிலிருந்து வந்தது என்பதால், பெருத்த மார்பகங்களுக்காகப் பேசப்பட்ட அமெரிக்கப் பாடகி டொலி பார்ட்டனின் பெயர் சூட்டப்பட்டது. ஆய்வுகூடத்துக்குள்ளும் பெண்ணுடல் பகிடிக்குரிய பொருளாகவே நுழைந்திருக்கிறது.

ஒரு நூற்றாண்டுக் கேள்வி

இப்பரிசோதனை வானத்திலிருந்து விழவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் ஆகுஸ்ட் வைஸ்மன் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரே முட்டையிலிருந்து வந்த கலங்களில் ஒன்று தோலாகவும் இன்னொன்று நரம்பாகவும் ஆவது எப்படி? ஒவ்வொரு பிரிவின்போதும் பரம்பரைச் சரக்கு பங்கிடப்படுகிறது, தோற்கலம் தோலுக்குரியதை மட்டும் வைத்துக்கொண்டு மிகுதியை இழந்துவிடுகிறது என்றார் அவர். இதன்படி ஒரு கலம் ஆனது ஆனதுதான்; திரும்புதல் இல்லை.

பின்னர் அதே ஃபிரைபுர்க்கில் பணியாற்றிய ஹான்ஸ் ஸ்பேமன், குழந்தையின் தலைமயிரைச் சுருக்காக்கி, வாலுள்ள ஈரூடக வாழியொன்றின் முட்டையை நடுவே இறுக்கினார். கரு ஒரு பக்கம் ஒதுங்கியது. அப்பக்கம் பல கலங்களாகப் பிரிந்த பின், அவற்றிலொன்றின் கரு கருவற்ற பக்கத்துக்குள் நழுவ இடம்விட்டார். அப்பக்கமும் முழு உயிராக வளர்ந்தது. ஆக, ஆரம்பப் பிரிவுகளில் எதுவும் இழக்கப்படவில்லை. 1938இல் வெளிவந்த தன் நூலில், முதிர்ந்த கலத்தின் கருவைக் கருவற்ற முட்டையினுள் வைத்துப் பார்க்கும் பரிசோதனையை அவர் முன்மொழிந்தார். செய்துபார்க்கும் கருவி அன்று அவரிடம் இருக்கவில்லை.

1952இல் அமெரிக்காவில் றொபேட் பிரிக்ஸும் தோமஸ் கிங்கும் தவளையில் இதைச் செய்தனர். இளம் முளையத்தின் கருக்கள் வெற்றி தந்தன. 1962இல் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜோன் கேர்டன், வாற்பேத்தையின் குடற்கலக் கருவை முட்டையில் வைத்து மீண்டும் வாற்பேத்தைகளைப் பெற்றார். வென்றவை மிகச் சிலவே. ஆனால் கொள்கையளவில் வைஸ்மன் தோற்றார். குடற்கலம் எதையும் இழக்கவில்லை. அது சிலவற்றை மூடிவைத்திருந்தது. முட்டை அவற்றைத் திறந்தது.

முலையூட்டிகளில் இது இலகுவாக வரவில்லை. 1984இல் ஜேம்ஸ் மக்ராத்தும் டாவோர் சோல்ட்டரும் சுண்டெலிகளில் முயன்று தோல்வி கண்டு, வெறும் கருமாற்றத்தால் முலையூட்டியைக் குளோன் செய்வது உயிரியல்ரீதியில் சாத்தியமற்றது என்றே எழுதினர். அவர்களின் கைத்திறனில் குறை இருக்கவில்லை. அவர்கள் கருவை வைத்தது ஏற்கெனவே கருக்கட்டிய முட்டைகளில். அந்தக் கட்டத்தில் முட்டை தன் வேலையில் முக்கியமான ஒரு பகுதியை முடித்துவிட்டிருக்கும்.

முட்டை செய்யும் வேலை

மனித முட்டை ஏறத்தாழ மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று விட்டமுடையது; வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியக்கூடியது. கனவளவில் விந்தைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. பெண் பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளது முட்டைக்கலங்கள் உருவாகி, ஒடுக்கற்பிரிவின் ஆரம்பத்தில் நின்றுவிடுகின்றன. பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள் அப்படியே காத்திருக்கின்றன. அதாவது, நாங்கள் ஒவ்வொருவரும் எந்தக் கலத்திலிருந்து வந்தோமோ, அந்தக் கலம் எங்கள் அம்மம்மாவின் வயிற்றில் எங்கள் அம்மா இருந்தபோதே அவளுள் உருவாகிவிட்டது. அம்மம்மாவின் பட்டினியும் சுகமும் அக்கலத்தின் அயலில் நடந்தவைதான்.

இந்தக் காத்திருப்பு தூக்கம் அல்ல. முட்டை வளரும் காலத்தில் புரதங்களையும், புரதம் செய்வதற்கான ஆர்.என்.ஏ. கட்டளைகளையும் தன்னுள் சேமிக்கிறது. கருக்கட்டிய பிறகு முளையத்தின் சொந்தப் பரம்பரை அலகுகள் உடனே பேசுவதில்லை. சுண்டெலியில் இரண்டு கலக் கட்டம் வரையும், மனிதரில் நான்கு முதல் எட்டுக் கலக் கட்டம் வரையும், செம்மறியில் அதற்கும் சற்றுப் பிந்தியும் அவை பெரும்பாலும் மௌனமாக இருக்கின்றன. அதுவரை ஆட்சி நடத்துவது தாயின் சேமிப்பு.

விந்து வரும்போது அதன் டி.என்.ஏ. பயணத்துக்கென்று இறுகப் பொதியப்பட்டிருக்கும். அந்தப் பொதியைப் பிரித்து, தன் புரதங்களைக் கொண்டு மறுபடி சுற்றி, பழைய இரசாயன அடையாளங்களைப் பெருமளவு துடைத்து, புதிய தொடக்கத்துக்கு ஏற்றதாக்குவது முட்டை. விந்து வெற்றிவீரனாக நுழைந்து உறங்கும் முட்டையை எழுப்புகிறது என்ற பாடநூல் வர்ணனையை, அமெரிக்க மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆராய்ந்து, காதற்கதையொன்று விஞ்ஞானத்தின் உடையில் வந்திருப்பதாகக் காட்டினார்.

இயன் வில்மட்டும் கீத் காம்பெலும் செய்தது முட்டையின் இந்த ஆற்றலை முழுமையாகப் பயன்படுத்தியதுதான். கருக்கட்டுவதற்குச் சற்று முன், முதிர்ந்த முட்டை ஒடுக்கற்பிரிவின் இரண்டாம் கட்டத்தில் நின்றிருக்கும். அவ்வேளையில் அதன் குழியவுருவில் நிறைந்திருக்கும் புரதக் காரணியொன்று, உள்ளே வரும் எந்தக் கருவினதும் உறையைக் கரைத்து நிறமூர்த்தங்களை ஒடுக்கும் வலிமை கொண்டது. அக்காரணியை 1971இல் மசூயியும் மார்கேர்ட்டும் தவளை முட்டையில் இனங்கண்டிருந்தனர். மடிக்கலம் பிரிவுச் சுழற்சியில் ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சந்திப்பில் நிறமூர்த்தங்கள் சிதைந்துவிடும். எனவே காம்பெலின் யோசனைப்படி மடிக்கலங்களுக்கு ஊட்டம் குறைக்கப்பட்டு, ஐந்து நாட்கள் பட்டினி போட்டு, அவை ஓய்வுநிலைக்குக் கொண்டுவரப்பட்டன. சுருங்கச் சொன்னால், கரு செய்ய வேண்டியிருந்தது தன் பழைய வேலையை நிறுத்துவது மட்டுமே. மிகுதியை முட்டை செய்தது.

பிரதி என்றால் எது?

டொலியும் அந்த மடிக்கல ஆட்டின் முழுப்பிரதி அல்ல. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளுக்குச் சொந்தமாகச் சிறிதளவு டி.என்.ஏ. உண்டு, மனிதரில் 37 பரம்பரை அலகுகள். இவை கருவினுள் இல்லை, குழியவுருவில் இருக்கின்றன. 1999இல் வெளியான ஆய்வு, டொலியின் இழைமணி டி.என்.ஏ. முட்டை கொடுத்த கறுப்புமுக ஆட்டினுடையது என்று காட்டியது. எவரும் பெயரிடாத அந்த ஆடு டொலியின் ஒவ்வொரு கலத்திலும் இருந்தது.

2001 டிசம்பரில் ரெக்சாஸில் பிறந்த முதலாவது குளோன் பூனையின் கதை இன்னும் தெளிவானது. மூலப் பூனை கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த நிறமுடையது. அதன் குளோனிடம் செம்மஞ்சள் நிறமே இல்லை. பெண் முலையூட்டியின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களில் ஒன்று மூடப்படுகிறது. பூனையில் செம்மஞ்சளா கறுப்பா என்பது எது மூடப்பட்டது என்பதைப் பொறுத்தது. கருவைக் கொடுத்த கலத்தில் செம்மஞ்சளுக்குரியது மூடப்பட்டிருந்தது. குளோனிலும் அது மூடியபடியே இருந்துவிட்டது. பரம்பரை அலகுகள் அதேதான், உடல் வேறு. முட்டை எல்லாவற்றையும் துடைத்துவிடுவதில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது. குளோன் முளையங்களிற் பெரும்பாலானவை இறந்துபோவதற்கு இந்த அரைகுறைத் துடைப்பு ஒரு முக்கிய காரணம். 2018இல் வெளியான ஷங்ஹாய் ஆய்வில் குளோன் குரங்குகள் இரண்டு பிறப்பதற்கு 79 முளையங்களும் 21 வாடகைத் தாய்க் குரங்குகளும் தேவைப்பட்டன.

வித்தும் நிலமும்

இவ்வளவு தெளிவாக முட்டை முன்னே நிற்கும்போது, அது ஏன் கதையிலிருந்து மறைந்தது?

ஆண் வடிவத்தைத் தருகிறான், பெண் சடப்பொருளைத் தருகிறாள் என்றார் அரிஸ்டோட்டில். 1694இல் ஹார்ட்சூக்கர் விந்தின் தலையினுள் குந்தியிருக்கும் சின்ன மனிதனை வரைந்து காட்டினார். முலையூட்டியின் முட்டையை ஃபொன் பேயர் நாயொன்றில் கண்டது 1827இல்தான். விந்து நுணுக்குக்காட்டியில் தெரிந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து. எங்கள் மொழியிலும் 'வித்து' ஆணுடையது, பெண் விளைநிலம். 'பரம்பரை அலகு ஆணையிடுகிறது, கலம் கீழ்ப்படிகிறது' என்ற 20ஆம் நூற்றாண்டின் பேச்சு இதன் தொடர்ச்சியே என்பதை விஞ்ஞான வரலாற்றாளர் எவலின் ஃபொக்ஸ் கெல்லர் விரிவாக விவாதித்துள்ளார். ஹார்ட்சூக்கரின் சின்ன மனிதன் விந்தின் தலையிலிருந்து இறங்கி டி.என்.ஏ.யினுள் குடிபுகுந்துவிட்டான்.

எங்களுக்கு இது வெறும் உயிரியற் சங்கதி அல்ல. சாதியும் இனத்தூய்மையும் வித்தின் மொழியில்தான் பேசுகின்றன. நிலத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லிக்கொண்டே, வேலி போடுவது நிலத்தைச் சுற்றித்தான். பாரிஸிலும் ரொறொன்ரோவிலும் எங்கள் கலியாண விளம்பரங்களைப் படிப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முட்டையின் விலை

மறைக்கப்படும் உழைப்பு மலிவாகக் கிடைக்கும் என்பது நாங்கள் அறிந்த பொருளாதாரம். 2004இலும் 2005இலும் தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், மனித முளையங்களைக் குளோன் செய்து அவற்றிலிருந்து மூலக்கலங்களைப் பெற்றதாக அறிவித்து தேசிய வீரரானார். 2006 ஜனவரியில் அவரது பல்கலைக்கழகத்தின் விசாரணைக்குழு அம்முடிவுகள் புனையப்பட்டவை என்றது. உலகம் இதை 'விஞ்ஞான மோசடி' என்று நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பொய்க்காக நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து 2000க்கும் மேற்பட்ட முட்டைகள் எடுக்கப்பட்டன. அவர்களில் சிலருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. சிலர் அவரது ஆய்வுகூடத்திலேயே அவருக்குக் கீழ் வேலை செய்த இளம் பெண்கள். முட்டை எடுப்பதென்பது பல நாட்கள் ஓமோன் ஊசி, பின்னர் யோனிச் சுவரினூடாகச் சூலகத்தை ஊசியால் துளைத்தல். சிலருக்குச் சூலகம் வீங்கி உயிராபத்து வரை போகக்கூடும். விந்து கொடுப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது.

சட்டங்களும் தடுமாறுகின்றன. 1990இன் ஜேர்மனிய முளையப் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு பெண்ணின் முட்டையைப் பெற்றுப் பிள்ளை பெறுவதைத் தடுக்கிறது. விந்துக் கொடையைத் தடுக்கவில்லை. தடைக்கு 'பிளவுண்ட தாய்மை' என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்பட்டது. தந்தைமை பிளவுபட்டால் சமூகம் தாங்கும், தாய்மை பிளவுபட்டால் தாங்காது என்பதா இதன் பொருள்? இவ்வாறு பெண்ணைப் புனிதப்படுத்துவதும் அவளைப் பாத்திரம் என்று ஒதுக்குவதும் ஒன்றுக்கொன்று எதிரானவையாக எனக்குத் தோன்றவில்லை.

இரத்தச் சான்று

இன்னொரு பக்கமும் உண்டு. 1985இல் பிரித்தானியாவில், கானாவிலிருந்து திரும்பிய சிறுவனைத் தாயின் பிள்ளை என்று குடிவரவு அதிகாரிகள் ஏற்க மறுத்தபோது, அலெக் ஜெஃப்ரீஸின் டி.என்.ஏ. சோதனை அவனைக் காப்பாற்றியது. அன்று அகதிக்கும் குடியேறிக்கும் துணையாக வந்தது, பின்னர் வாசலில் கேட்கப்படும் கடவுச்சீட்டாகியது. 2007இல் பிரான்ஸ், குடும்ப இணைவுக்கு விண்ணப்பிப்போரிடம் தாய்வழி உறவை டி.என்.ஏ.யால் நிறுவ இடமளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பின் பின் அது நடைமுறைக்கு வரவில்லை. யுத்தத்தில் பெற்றோரை இழந்து சித்தியின் கையில் வளர்ந்த பிள்ளை இத்தகைய சோதனையில் யாருடைய பிள்ளை? முட்டையின் உழைப்பையே கணக்கில் எடுக்காத 'இரத்த உறவு', சித்தியின் உழைப்பை எங்கே எடுக்கப்போகிறது?

ஆனால் ஆர்ஜென்டினாவை மறக்க முடியாது. 1976 முதல் 1983 வரையான இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் களவாடப்பட்டு, இராணுவத்தினர் வீடுகளிலும் பிறரிடமும் வளர்க்கப்பட்டனர். அவர்களைத் தேடிய பிளாஸா டி மாயோ அம்மம்மாக்களுடன் மேரி-கிளேயர் கிங் 1984 முதல் பணியாற்றினார். தாயும் தந்தையும் இல்லாதபோது உறவை நிறுவுவது எப்படி? முட்டை வழியாக மட்டுமே கடத்தப்படும் இழைமணி டி.என்.ஏ. இங்கு கைகொடுத்தது. அம்மம்மாவிடமுள்ளது மகள் வழியாகப் பேரப்பிள்ளையிடம் அப்படியே இருக்கும். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்றும் வீதியோரம் அமர்ந்திருக்கும் ஒரு மண்ணிலிருந்து வந்த எங்களுக்கு, விஞ்ஞானம் எவருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக எவரும் எழுப்ப முடியாது.

ஒரு மறுப்புக்கு முன்கூட்டியே பதில் சொல்ல வேண்டும். பரம்பரை அலகை வழிபட்டவர்களுக்குப் பதிலாக நான் முட்டையை வழிபடச் சொல்கிறேனா? இல்லை. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, நான்கு பரம்பரை அலகுகளைச் செலுத்தியே சுண்டெலியின் சாதாரண கலத்தை ஆரம்பநிலைக்குத் திருப்பினார். 2007இல் மனிதக் கலத்திலும் செய்தார். முட்டை தேவைப்படவில்லை. 2012இல் நொபெல் பரிசு அவருக்கும் கேர்டனுக்கும் சேர்த்தே கிடைத்தது. கேர்டன் முட்டையில் கண்ட ஆற்றலை யமனாக்கா பகுத்துக் காட்டினார். ஆக, முட்டையில் மாயம் ஏதும் இல்லை. அது செய்வது வேலை. வேலை என்று ஒப்புக்கொண்டால்தான் யார் செய்கிறார்கள், யார் கூலி பெறுகிறார்கள், யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்று கேட்க முடியும். தாய்மை என்று கும்பிட்டுவிட்டால் அக்கேள்விகள் அங்கேயே அடங்கிவிடும்.

டொலி நுரையீரல் நோயால் 2003 பெப்ரவரி 14இல் கொல்லப்பட்டு, இன்று எடின்பரோ அரும்பொருளகத்தில் பாடம்செய்யப்பட்டு நிற்கிறது. எங்கள் விவாதங்கள் ஹிட்லரின் பிரதியை விட்டு இனியாவது நகர வேண்டும். குளோனிங் வேண்டுமா வேண்டாமா என்று நான் இங்கு தீர்ப்புச் சொல்லவில்லை. மனிதக் குளோன் பற்றிய எந்த வாதத்திலும், ஆதரிப்பவராயினும் எதிர்ப்பவராயினும், 'அதற்கான முட்டைகள் எங்கிருந்து வரும்?' என்ற கேள்வியை முதலில் வைக்க வேண்டும் என்கிறேன். இதில் உடன்படாத நண்பர்கள், குறிப்பாகப் பெண்கள், இப்பக்கங்களில் எழுத வேண்டும்.